நாணில் கட்டிய கம்பளி

தோய்வோலா, மிச்சிகன்
செப்டம்பர் 21, 1971

அன்புள்ள வெய்க்கோ,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும். புருஷன் என்று பெயர், இரண்டு குளிர்காலமாக நீ வீட்டுக்கு வரவில்லை. கடிதம் மட்டும் வருகிறது, அதிலும் காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை அடி என்றுதான். போகட்டும், அதாவது வருகிறதே.

இங்கே வழக்கு முயல்களோடு. போன பனியில் என் ஆப்பிள் கன்றுகளில் நாலைப் பட்டை உரித்துக் கொன்றுவிட்டன. தகரம் சுற்றித்தான் வைத்திருந்தேன். பனி ஏற ஏற முயலும் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு தகரத்துக்கு மேலே கடிக்கிறது. மிச்சம் ஏழு கன்று. துப்பாக்கி எடுக்கலாமென்றால் மான்சிக்கி சினையாக இருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ நரியைச் சுட்ட சத்தத்துக்கே இரண்டு நாள் பால் இறக்காத பசு அது. அதனால் கொட்டகையில் தொங்கிய தம்பி ஆர்வோவின் வில்லை எடுத்தேன். அக்கா இப்படி அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவாள் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். நவம்பர் பத்தொன்பது வந்தால் உங்கள் கப்பலிலிருந்து ஏரி அவனைக் கொண்டுபோய் இரண்டு வருஷம்.

நேற்று ஒரு முயல் இருபது தப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. விட்டேன். நாண் சர்ச் மணி மாதிரி அடித்தது. அம்பு போய்ச் சேர்வதற்குள் முயல் அங்கே இல்லை. கொட்டகையில் இருந்ததெல்லாம் பிளேடு வைத்த மான் அம்புகள். ஒன்று வேரில் இறங்கி, பிடுங்கும்போது ஒடிந்தது. இன்னொன்று புல்லுக்கடியில் நுழைந்து போனது போனதுதான்.

நீயும் அவனும் சமையல் மேசை முழுக்க நூலும் பசையுமாகப் பரப்பிக்கொண்டு வில்லின் சத்தத்தைக் குறைக்க என்னமோ செய்வீர்களே. நான் மேசையைத் துடைக்கச் சொல்லித் திட்டுவேனே தவிர, என்ன செய்கிறீர்கள் என்று பார்த்ததில்லை. இப்போது சொல்.

அம்மாவின் கண் இன்னும் மங்கிவிட்டது. ஃபின்னிஷ் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். யார் யார் செத்தார்கள் என்ற பகுதியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாள்.

உன்
ஹெல்வி

*

கார்ல் ப்ரென்னர் கப்பல், டெட்ராய்ட் தபால் படகு வழியாக
அக்டோபர் 2, 1971

அன்புள்ள ஹெல்வி,

உன் கடிதம் வந்தது. தாது ஏற்றிக்கொண்டு டொலிடோ போய்க்கொண்டிருக்கிறோம். எனக்குச் சுகக்கேடு ஒன்றுமில்லை.

முதலில் நாண். அதைக் கழற்றி, ஒரு நுனியைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முறுக்கு கொடுத்து மறுபடி மாட்டு. முறுக்கினால் நாண் குட்டையாகும், பிடியிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நீட்டினால் விரல்நுனி நாணைத் தொட வேண்டும். அதற்குக் கிட்டே நின்றால் சத்தம் போடும். ஒரேயடியாக முறுக்காதே. ரெண்டு முறுக்கு, ஒரு அம்பு. ரெண்டு முறுக்கு, ஒரு அம்பு. எந்த இடத்தில் சத்தம் அமுங்குகிறது என்று உன் காதே சொல்லும்.

அடுத்து கம்பளி நூல். விரல் நீளத்துக்கு இருபது துண்டு வெட்டி, நாணின் இரண்டு முனையிலிருந்தும் கால்வாசி தூரத்தில் ஒவ்வொரு கொத்தாகக் கட்டு. பழைய சாக்ஸைப் பிரித்தால் போதும். நாண் துடிப்பதை அது விழுங்கிவிடும். நுனிக்குப் பக்கத்தில் வில்லின்மேல் நாண் படியும் இடத்திலும், அம்பு உட்காரும் விளிம்பிலும் பழைய தொப்பித் துணியை ஒட்டு. அம்பை இழுக்கும்போது கட்டையில் உரசும் சத்தம் முயலுக்குப் போதும்.

அம்பு. இருப்பதில் கனமானதை எடு. லேசான அம்பு வேகமாகப் போகும். ஆனால் மிச்ச விசை வில்லுக்குள்ளேயே நின்று உதறும், அதுதான் சத்தம். கனமான அம்பு விசையைத் தன்னோடு கொண்டுபோய்விடும். அம்பின் வாலிலுள்ள பின்வெட்டு நாணில் மெல்லக் கவ்வ வேண்டும், தட்டினால் விழ வேண்டும். முயலுக்குப் பிளேடு வேண்டாம். மேல் அலமாரி டப்பாவில் முப்பத்தெட்டாம் நம்பர் காலித் தோட்டாக் கூடுகள் இருக்கும். முனையைச் சீவிப் பசை வைத்து அதை மாட்டு. மழுங்கல் அடிதான் சின்ன மிருகத்தை நின்ற இடத்தில் சாய்க்கும்.

மரத்தில் இருக்கும் காட்டுக்கோழிக்கு மட்டும் முழு இறகை வெட்டாமல் சுற்றிக் கட்டிய அம்பு. அது முப்பது தப்படிக்குள் வேகம் செத்து விழுந்துவிடும். சாதாரண அம்பை ஒருபோதும் மேல்நோக்கி விடாதே. எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

வில்லில் தொங்கும் அம்புக்கூட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள். அம்மாவுக்கு என் அன்பு.

உன்
வெய்க்கோ

*

தோய்வோலா
அக்டோபர் 19, 1971

அன்புள்ள வெய்க்கோ,

எல்லாம் செய்தேன். பதினாலாவது முறுக்கில் சத்தம் அமுங்கியது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் "சொன்னேன்ல" என்றிருப்பாய்.

கம்பளிக்கு என் சாக்ஸைப் பிரிக்க உட்கார்ந்தேன். அம்மா உள்ளே போய்த் தடவித் தடவி ஆர்வோவின் சிவப்புக் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "இது எதுக்கும்மா?" என்றேன். "நல்ல கம்பளி. அந்துப்பூச்சி திங்கிறதுக்கு, நீ அதை வச்சு முயலைத் திங்கலாம்" என்றாள். பிரித்து முடியும்வரை பக்கத்திலேயே இருந்து நூலைச் சுற்றிக்கொடுத்தாள். மற்ற கையுறையைக் கொண்டுவரவில்லை.

திங்கட்கிழமை காட்டுக்கோழி ஒன்று. அது பறக்கத் தெரியாத முட்டாள் மாதிரி கிளையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. பெரிய இறகு அம்பு நாலு செய்திருந்தேன், மூன்றாவது பட்டது. கோழி விழுந்ததும் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். யாரும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வந்தேன். காட்டில் தனியாக நடப்பது கஷ்டமில்லை வெய்க்கோ. பட்ட பிறகு சொல்ல ஆளில்லாததுதான் என்னமோ செய்கிறது. வந்து மான்சிக்கியிடம் சொன்னேன். அவள் அசைபோட்டாள்.

ஒன்று கேட்கலாமா? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். சாக்ஸ், தொப்பி, தோட்டா எல்லாம் இருக்கிறது. வில் யாருடையது என்று ஒரு இடத்திலும் இல்லை. உன் மூன்று வருஷக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் வருஷத்தில் பக்கத்துக்குப் பக்கம் "ஆர்வோ இப்படிச் செய்தான், ஆர்வோ அப்படிச் சொன்னான்." அவன் போன பிறகு ஒரு தடவைகூட இல்லை.

ஜனவரியில் குளிருக்குக் கப்பலைத் துறையில் கட்டிப்போட்டதும் வருவாய்தானே?

உன்
ஹெல்வி

*

டுலூத் துறைமுகம்
நவம்பர் 2, 1971

அன்புள்ள ஹெல்வி,

கோழி அடித்தது சந்தோஷம். மூன்றாவது அம்பில் அடித்தது பெரிய விஷயம்.

இந்தக் குளிர்காலமும் டொலிடோவில் கப்பல் காவலுக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை என்றார்கள்.

முயல் வெள்ளையாக மாறியிருக்கும். பனியில் உடம்பைத் தேடாதே, கண்ணைத் தேடு. வெள்ளையில் அது மட்டும் கறுப்பு. மழுங்கல் முனைக்குப் பின்னால் குறுக்காகத் துளை போட்டு ஒரு கம்பித் துண்டைச் செருகி வை. அம்பு பனிக்கடியில் நுழைந்து தொலையாமல் கம்பி தடுக்கி நின்றுவிடும். குளிரில் நாண் இறுகும், முறுக்கை மறுபடி அளந்து பார்.

சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிவிட்டேன்.

உன்
வெய்க்கோ

*

தோய்வோலா
நவம்பர் 20, 1971

வெய்க்கோ,

நேற்று ஆர்வோவுக்குச் சர்ச்சில் பிரார்த்தனை. பதினோரு பேர் வந்தார்கள். அம்மா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில், "வெய்க்கோவுக்கு லீவு கொடுக்கலியா?" என்று கேட்டாள். "கொடுக்கலம்மா" என்றேன். "மூணு குளிருக்குமா கொடுக்கல?" என்றாள். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

இந்தக் கடிதத்தில் வில்லைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை.

அந்த வருஷம் நீ வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்து சொன்னாய்: ஆர்வோவின் முறை, மேல்தளத்தில் சரக்கறை மூடியின் கொக்கி தளர்ந்திருந்தது, அதை இறுக்கப் போனான், அலை வந்தது. நாலே வாக்கியம். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, காபிக் கோப்பையைப் பார்த்தாய். நாலாவது நாள் போய்விட்டாய். துக்கம் என்று நினைத்தேன். துக்கம் என்றால் இரண்டு பேராகச் சேர்ந்து பட்டிருக்கலாமே. நீ ஒரு துறைமுகத்தில், நான் ஒரு காட்டில் என்று எதற்கு?

அன்றைக்கு என்ன நடந்தது? எழுது. எழுத முடியாதென்றால் அதையாவது எழுது.

ஹெல்வி

*

டொலிடோ
டிசம்பர் 6, 1971

ஹெல்வி,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

அது ஆர்வோவின் முறை இல்லை. என் முறை. மூடியின் கொக்கி அடிக்கிறது, போய் இறுக்கு என்று மேலாள் என்னிடம்தான் சொன்னார். நான் அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். கால் ரெண்டும் ஊறிப்போயிருந்தது. பூட்ஸைக் கழற்றி சாக்ஸை அடுப்பு மேலே காயப்போட்டுக் காபி ஊற்றியிருந்தேன். ஆர்வோ எதிரே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். "நீ போடா, நான் இப்பத்தான் கழட்டினேன்" என்றேன். கெஞ்சிக்கூடக் கேட்கவில்லை, சும்மா சொன்னேன். அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "உன் சாக்ஸ் நாத்தத்துக்கு வெளிய அலையே மேல் மச்சான்" என்றான். எல்லாரும் சிரித்தோம். ரெண்டு நிமிஷ வேலை என்று இடுப்புக் கயிற்றை மாட்டாமல் போனான்.

காபி ஆறுவதற்குள் மணி அடித்தது.

என் முறைதான் என்று கப்பலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மேசையில் உட்கார்ந்தபோது அவன் முறை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எடுக்காமல் வீட்டுக்கு வரவும் முடியவில்லை.

அம்மாவுக்கு ஃபின்னிஷில் இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கும் தெரிய வேண்டும். வாசித்துக் காட்டு.

வெய்க்கோ

*

தோய்வோலா
டிசம்பர் 20, 1971

வெய்க்கோ,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே பிரித்துவிட்டேன். படித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஓடைக்கரைக்குப் போனேன். வில் கையில் இருந்தது. தேவதாருவுக்குக் கீழே இரண்டு முயல் தளிர் கடித்துக்கொண்டிருந்தன, பதினைந்து தப்படிகூட இல்லை. எதையும் யோசிக்காமல் இழுத்து விட்டேன். ஒன்று சாய்ந்தது. மற்றது தலையைக்கூடத் தூக்கவில்லை. செத்ததற்குப் பக்கத்தில் நின்று தளிரை மென்றுகொண்டே இருந்தது. அவ்வளவு சத்தமில்லாமல் ஆக்கிக் கொடுத்திருக்கிறாய். நான் அங்கேயே பனியில் உட்கார்ந்து அழுதேன். சாய்ந்த முயலுக்காகவா, நின்ற முயலுக்காகவா, எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அம்மாவிடம், வெய்க்கோ உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான் என்றேன். தலைமுடியைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை வாசித்தேன். உடம்பு எப்படி இருக்கிறது, பால் பனீர் சுட்டுத் தருவாயே அதைக் கனவில் சாப்பிடுகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சிரித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியைப் பார்த்தேன். தாளை மடித்துவிட்டேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா" என்றேன்.

"கொஞ்சமாத்தான் எழுதியிருக்கான். ரெண்டு தாள் சத்தம் கேட்டுச்சே" என்றாள்.

இரண்டாவது தாள் வெறும் தாள் என்று சொன்னேன். நீ உன் மேசைப் பொய்யை எனக்கும் கொடுத்துவிட்டாய், வெய்க்கோ. வாசித்துக் காட்டு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அதை வாசிக்கிற வாய் அவனுடைய அக்காவின் வாய் என்று உனக்குத் தோன்றவில்லையா? அன்றைக்குப் போகச் சொன்னாய், இன்றைக்கு வாசிக்கச் சொல்கிறாய்.

அந்தத் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது உன்னுடையது. நீயே வந்து வாசி.

உன்னைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே. இன்னும் தெரியாது.

ஹெல்வி

*

டொலிடோ
ஜனவரி 3, 1972

ஹெல்வி,

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஹவுட்டன் வருகிறேன். அங்கிருந்து பால் லாரியில் வந்துவிடுவேன். நீ வந்து நிற்க வேண்டாம். அம்மாவிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல்.

நீ எழுதியது சரி.

வெய்க்கோ

*

தோய்வோலா
ஜனவரி 26, 1972

வெய்க்கோ,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ போன பிறகு நடந்ததை எழுதுவது என் கடமை என்று நினைத்து எழுதுகிறேன்.

நீ நன்றாக வாசித்தாய். நடுவில் நிறுத்தவில்லை, கோப்பையைப் பார்க்கவில்லை. அம்மா உன்னை ஏதாவது சொல்வாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். எழுந்து போய் சவுனா நீராவிக் குளியலறை அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வந்து, "தண்ணி சுடுது, போய்க் குளி" என்றாள். அவ்வளவுதான் நீ கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ லாரி ஏறும்போது அவள் வாசலுக்கு வராததை நீ கவனித்திருப்பாய். உள்ளே ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு லாரி தெரியாது. சத்தம் மறையும்வரை நின்றாள்.

செவ்வாய்க்கிழமை நான் முயலை உரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று சொன்னாள்: "அவன் போயிருந்தா நீ இப்ப விதவை. ஆர்வோ இங்க உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பான். நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது, சொல்லு."

எனக்கும் அதே கேள்விதான். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு பதில். இதை உன்னிடம் மறைத்தால் நானும் நாலு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறவள் ஆகிவிடுவேன்.

நீ இங்கே இருந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் வந்தது. அதையும் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

மார்ச்சில் கப்பல் கிளம்புவதற்கு முன் உனக்கு மூன்று வாரம் இருக்கிறது. வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்றும் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். இந்த வீட்டில் ஆர்வோவைத் தெரிந்தவர்கள் நானும் அம்மாவும்தான். கப்பலில் அவன் இருந்த ஏழு மாதத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அது முழுக்க உன்னிடம் இருக்கிறது. அவன் செத்ததை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இருந்ததையெல்லாம் நீயே வைத்துக்கொண்டாய். அவன் பெயரைச் சொல்லிப் பேச முடிந்தால் எழுது. முடியாதென்றால் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

ஹெல்வி

*

டொலிடோ
பிப்ரவரி 5, 1972

அன்புள்ள ஹெல்வி,

இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம். எல்லாப் பக்கத்தையும்.

ஆர்வோ கப்பல் ஏறின முதல் வாரம் முழுக்க வாந்தி. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பின்தளத்துக்கு ஓடிப்போய், திரும்பி வரும்போது விசிலடித்துக்கொண்டு வருவான். சமையல்காரர் ஒருநாள் அவன் தட்டில் எதுவும் வைக்காமல், "எதுக்கு வீணா, நேரா ஏரியில கொட்டிடறேன்" என்றார். அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரியும் என்று ஆர்வோவுக்குத் தெரிந்தது.

மே மாதம் டுலூத்தில் இறங்கி ஆர்வோ ஒரு தொப்பி வாங்கினான். சாம்பல் நிறம், முன்பக்கம் ஒரு சின்ன இறகு. தலைக்குப் பெரிது, காதில் வந்து நின்றது. வேறு பார் என்றேன். "வளர்ற பையன் மச்சான்" என்றான், இருபத்தாறு வயதில். கப்பல் பாலத்துக்குக் கீழே போகும்போது, பாலத்தின்மேல் நின்ற பெண்களுக்குக் காட்ட அதைப் போட்டுக்கொண்டு முன்தளத்தில் போய் நின்றான். பாலத்தைத் தாண்டக்கூட இல்லை, ஒரே காற்று, தொப்பி தண்ணீரில். இறகு மேலே நிமிர்ந்து நிற்க, வாத்து மாதிரி ஆடிக்கொண்டு கப்பலுக்குப் பின்பக்கமாகப் போனது. மேலே பெண்கள் சிரிக்கிறார்கள், கப்பல் முழுக்கச் சிரிக்கிறது. ஆர்வோ கோபப்படவே இல்லை. விளிம்போரமாகவே அதோடு நடந்து, கடைசிவரை வந்து நின்று கையசைத்தான்.

"போய்ட்டு வா," என்றான். "சேர்ந்ததும் கடுதாசி போடு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், ஹெல்வி. இப்போது எழுதும்போதும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கப்பலில் யாருமில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

உன்
வெய்க்கோ